மஞ்சள் கடுதாசிக்கு முன்னால்: கடனில் மூழ்குபவர் வீட்டையும் வண்டியையும் காப்பது எப்படி?

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

கடன் என்ற பேச்சை எடுத்தாலே பலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். ஆனால் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்தப் பேச்சு தேவைப்படாத தெரு இல்லை. மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் இருக்கிறார். 2025 கோடையில் தோத்தாபுரி மாங்காயின் விலை விழுந்தபோது பறிப்புக் கூலிகூடத் தேறாமல் தவித்தவர்கள் நம் மாவட்டத்திலேயே இருந்தார்கள். ஓசூர் சிப்காட்டில் பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைக்காரர் இருக்கிறார். ஆர்டர் நின்றால் அவருடைய டியூ நிற்பதில்லை. தினமும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் தம்பி இருக்கிறார். வேலை போன மறுமாதமே வீட்டுக் கடனும் கார் கடனும் கதவைத் தட்டுகின்றன.

அப்போது மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: "வீடு போய்விடுமா? வண்டி போய்விடுமா?" இதற்கு மார்க்கமும் நாட்டின் சட்டமும் என்ன சொல்கின்றன என்பதை இன்று பார்ப்போம். உரையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சீக்கிரமாக, வெளிப்படையாகக் கடனுக்கு முகம் கொடுப்பவருக்கு இரண்டிலும் வழி இருக்கிறது. மறைப்பவரும் ஓடுபவரும் வீட்டையும் இழக்கிறார்கள், மறுமையையும் பாழாக்கிக்கொள்கிறார்கள்.

பழத்தில் நஷ்டமடைந்த ஒரு தோழர்

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் பழங்களை விலைக்கு வாங்கினார். அவற்றுக்குச் சேதம் ஏற்பட்டு, கடன் மலைபோல் குவிந்துவிட்டது. நபியவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவருக்குத் தர்மம் கொடுங்கள் என்று மக்களிடம் சொன்னார்கள். மக்கள் கொடுத்தும் கடன் முழுவதும் அடையவில்லை. அப்போது கடன் கொடுத்தவர்களை அழைத்து, இவரிடம் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்ற கருத்தில் தீர்ப்புச் சொன்னார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி முஸ்லிம் நூலில் இருக்கிறது.

மாங்காய் வியாபாரம் செய்யும் ஊர்க்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான ஹதீஸ் வேறு என்ன இருக்க முடியும்? இதில் மூன்று பாடங்கள் உள்ளன. நஷ்டம் குற்றமல்ல. ஊர் கைகொடுக்க வேண்டும். இருப்பதைக் கொடுத்த பிறகு, இல்லாததைக் கேட்டு நெருக்கக் கூடாது. கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும் என்றும், தள்ளுபடி செய்வது இன்னும் சிறந்தது என்றும் சூரத்துல் பகராவின் 280-ஆவது வசனம் கட்டளையிடுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தோழர் தன்னிடம் இருந்ததை மறைக்கவில்லை. சபையில் எல்லோரும் அறிய நின்றார். அதனால்தான் அவருக்கு அந்தத் தீர்ப்புக் கிடைத்தது.

மேலும், அந்தத் தீர்ப்பு அப்போதைய நெருக்கடிக்குரியது. மீதிக் கடன் பொறுப்பிலிருந்து நீங்கிவிடுவதில்லை, வசதி வந்தால் கொடுக்க வேண்டும் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. நீதிமன்றம் ஒருவரைத் திவால் என்று அறிவித்து விடுவித்தாலும், கடன் கொடுத்தவர் மன்னிக்காதவரை அல்லாஹ்விடம் அந்தக் கணக்கு திறந்தே இருக்கும்.

இயலாதவரும் இழுத்தடிப்பவரும்

வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இயலாதவருக்கு அவகாசம், இயன்றும் ஏமாற்றுபவருக்குக் கண்டனம் என்று மார்க்கம் இருவரையும் பிரித்து வைக்கிறது.

நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் இதே பிரிவினையைச் சொன்னது. கடனைக் கட்ட இயலவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிவில் சிறையில் அடைக்க முடியாது, வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்ட மறுத்தால்தான் அடைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆகவே "ஜெயிலில் போட்டுவிடுவேன்" என்று யாராவது மிரட்டினால் நடுங்க வேண்டாம். அதே சமயம், கையில் பணத்தை வைத்துக்கொண்டு "இல்லை" என்று சொல்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

குடியிருக்கும் வீட்டை விற்க வேண்டுமா? ஃபிக்ஹ் என்ன சொல்கிறது?

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களுக்குக் கடன் அதிகமானபோது நபியவர்கள் அவரது சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுத்தார்கள் என்று அறிவிப்புகளில் வருகிறது. இதை வைத்து இமாம்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, குடியிருக்கும் வீடும் விற்கப்படும். அவர் வாடகை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஹன்பலி மத்ஹபில் தேவையான வீடு விற்கப்படாது. தகுதிக்கு மீறிய பெரிய வீடாக இருந்தால் அதை விற்று, போதுமான சிறு வீடு வாங்கித் தந்து, மீதி கடனுக்குப் போகும். தொழில் கருவிகளையும் அவர்கள் விட்டுவைக்கிறார்கள். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் முதலில் ரொக்கம், அடுத்து சாமான்கள், கடைசியாகத்தான் நிலமும் வீடும் என்று வரிசை இருக்கிறது. சிறிய வீட்டில் காலம் தள்ள முடிந்தவரின் பெரிய வீட்டை மாற்றலாம் என்றும் ஹனஃபி அறிஞர்கள் கூறியிருக்கிறார்கள்.

கருத்துகள் வேறுபட்டாலும் அடிப்படை புரிகிறது. மானத்தோடு வாழத் தேவையானது வேறு, அந்தஸ்துக்காக வைத்திருப்பது வேறு. கடன் நிற்கும்போது இரண்டாவதைப் பிடித்துக்கொண்டிருக்க நமக்கு உரிமை இல்லை.

நாட்டின் சட்டம் எதை விட்டுவைக்கிறது?

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60-ஆவது பிரிவில் ஜப்தி செய்யக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைத் தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் உழவுக் கருவிகள் ஆகியவை அதில் வருகின்றன. விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் தாங்களே குடியிருக்கும் சொந்த வீட்டையும் ஜப்தி செய்யக் கூடாது. சம்பளத்தில் முதல் ரூ.1,000-மும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பாதுகாக்கப்பட்டவை. வருங்கால வைப்பு நிதியான பி.எஃப். பணத்திலும் கைவைக்க முடியாது. சிப்காட் தொழிலாளிகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பாதுகாப்பை நீதிமன்றத்தில் நீங்களே எழுந்து கேட்க வேண்டும். நோட்டீஸ் வந்தும் போகாமல் இருந்தால் உங்களுக்காக யாரும் கேட்கமாட்டார்கள்.

அடுத்து, "ஐ.பி. கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும்" என்று டீக்கடையில் சொல்வார்கள். மஞ்சள் கடுதாசி என்று நாம் சொல்வது, சென்னைக்கு வெளியே உள்ள தனிநபர்களுக்கு இன்றும் 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டப்படிதான் நடக்கிறது. 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது.

அந்த 1920 சட்டப்படி திவால் என்று அறிவித்தவுடன், ஜப்திக்கு அப்பாற்பட்டவை தவிர மற்ற சொத்துகள் ரிசீவரிடம் போய்விடும். முக்கியமான இடம் இதுதான்: அடமானம் வைத்துக் கடன் வாங்கிய வீட்டையும், ஃபைனான்ஸில் எடுத்த வண்டியையும் திவால் மனு காப்பாற்றாது. அடமானம் பெற்றவரின் உரிமையை அந்தச் சட்டம் தொடுவதில்லை. ஷரீஅத்திலும் ரஹ்ன் என்னும் அடமானப் பொருளில் முதல் உரிமை அடமானம் பெற்றவருக்கே. ஆகவே வீட்டுக் கடன் பாக்கி உள்ளவர் ஐ.பி.யை நம்பி டியூவை நிறுத்தினால், வீடுதான் முதலில் போகும்.

வீட்டுக் கடன்: நாட்களை எண்ணுங்கள்

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அதை வாராக் கடனாகக் கணக்கிடும். பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் அனுப்பும். நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் 15 நாட்களுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பு முழு பாக்கியையும் கட்டினால் வீட்டை மீட்கலாம். அறிவிப்பு வெளியான பிறகு அந்த உரிமை போய்விடும் என்று 2023-இல் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏலத்தில் பாக்கிக்கு மேல் வந்த தொகை உங்களுக்குச் சேர வேண்டியது. மாந்தோப்பு போன்ற விவசாய நிலத்தின் மீது இந்தச் சர்ஃபாசி நடவடிக்கை செல்லாது. ஆனால் வேறு வழியில் வழக்குப் போடலாம்.

ஆகவே முதல் தவணை தவறும்போதே வங்கிக்குப் போங்கள். வேலை போனதற்கான கடிதம், நஷ்டக் கணக்கு, மருத்துவச் செலவுச் சீட்டு என்று எது உண்டோ அதை எடுத்துச் செல்லுங்கள். தவணைக் காலத்தை நீட்டித் தரவோ, ஒரே தடவையில் தீர்க்கும் சமரசத் தொகை சொல்லவோ எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன வாக்குறுதியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் நீண்ட வசனம், பகராவின் 282, நமக்காகத்தான் இறங்கியது.

வட்டிக் கடன் வாங்கியது பாவம் என்பதில் சந்தேகம் இல்லை. தவ்பா செய்ய வேண்டும், மீண்டும் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஆனால் "வட்டிக் கடன்தானே" என்று அசலைக் கொடுக்காமல் இருக்க யாருக்கும் அனுமதி இல்லை.

வண்டி: சோறு போடுகிறதா, பெயருக்கு நிற்கிறதா?

வண்டியைப் பற்றி உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். அது ஆட்டோவா, லோடு வண்டியா, வேலைக்குப் போகும் பைக்கா? அப்படியானால் அதன் டியூவை முன்னுரிமையாக வையுங்கள். அது போனால் மற்றக் கடன்களைக் கட்டும் வருமானமும் போய்விடும். வாரத்தில் ஒரு நாள் வெளியே எடுக்கும் காரா? அப்படியானால் அவர்கள் தூக்கிக்கொண்டு போகும் முன் நீங்களே விற்றுவிடுங்கள். ஃபைனான்ஸ் நிறுவனத்திடம் பாக்கித் தொகையை எழுத்தில் வாங்கி, அவர்களின் சம்மதத்தோடு விற்று, கடனை அடைத்து, தடையில்லாச் சான்று பெற்று, ஆர்.சி.யில் அடமானப் பதிவை நீக்கச் செய்யுங்கள். நீங்கள் நிதானமாக விற்கும் விலை ஏலத்தில் பெரும்பாலும் கிடைக்காது. ஏலத்தில் குறைந்த தொகைக்குப் போனால், வண்டியும் இல்லாமல் மீதிக் கடனும் உங்கள் தலையில் நிற்கும்.

வண்டியை உறவினர் வீட்டில் மறைத்து வைப்பதும், ஃபைனான்ஸுக்குத் தெரியாமல் எல்லை தாண்டி விற்பதும் மோசடி. அமானிதத்துக்குச் செய்யும் துரோகம்.

அதே நேரம், வசூலுக்கு வருபவர்களுக்கும் வரம்பு உண்டு. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-இல் பிரகாஷ் கவுர் வழக்கில் கண்டித்தது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். உதவி எண் 14448.

"வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிடு"

சகோதரர்களே! நெருக்கடியில் இருப்பவரின் காதில் முதலில் விழும் யோசனை இதுதான். "வீட்டைச் சம்சாரத்துக்கு ஹிபா எழுதிவிடு, மஹருக்குப் பதில் கொடுத்ததாகச் சொல்லிவிடு."

கடன் கொடுத்தவரின் ஹக்கைத் தட்டிப் பறிப்பதற்கு ஹிபா என்ற புனிதமான பெயரைச் சூட்டுவது மார்க்கத்தோடு விளையாடுவதாகும். இது சட்டத்திலும் நிற்காது. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் எண்ணத்தோடு செய்த மாற்றத்தைச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 53-ஆவது பிரிவின் கீழ் ரத்து செய்யலாம். திவால் சட்டத்திலும், மனுவுக்கு முந்திய 2 ஆண்டுகளுக்குள் உரிய விலையில்லாமல் செய்த மாற்றத்தை ரத்து செய்ய வழி இருக்கிறது. மனுவுக்கு முந்திய 3 மாதங்களுக்குள் மற்றவர்களை விட்டுவிட்டு மச்சானுக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்திருந்தால் அதுவும் கேள்விக்கு உள்ளாகும். வீட்டைக் காக்கப் போட்ட பத்திரமே, "இவர் கெட்ட எண்ணத்தோடு நடந்தார்" என்பதற்குச் சாட்சியாகிவிடும்.

ஆனால் உண்மையாகவே கொடுக்காத மஹர் பாக்கி இருந்தால், அது உண்மையான கடன்தான். மற்றக் கடன்களோடு அதையும் பட்டியலில் எழுதுங்கள். மனைவியின் நகை மனைவியின் சொத்து. கணவனின் கடனுக்கு அதைக் கொடுக்க மார்க்கம் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவளாக மனமுவந்து கொடுத்தால் அது அவளுடைய பெருந்தன்மை.

எல்லைப் பகுதியில் கவனிக்க வேண்டியவை

நம்மில் பலர் ஓசூரில் குடியிருந்து பெங்களூரில் கடன் வாங்குகிறோம். நோட்டீஸ் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வந்தால் புரியவில்லை என்று மூட்டையில் போட்டுவிடாதீர்கள். நீங்கள் கொடுத்த காசோலையைக் கடன் கொடுத்தவர் பெங்களூரில் உள்ள தன் வங்கிக் கணக்கில் போட்டு அது திரும்பினால், வழக்கு அங்கேதான் நடக்கும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் கட்டாவிட்டால் குற்ற வழக்குத் தொடரலாம். திவால் மனு போட்டதால் அந்த வழக்கு நின்றுவிடாது. திவால் மனுவை நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தின் நீதிமன்றத்தில்தான் கொடுக்க வேண்டும்.

தனியாரிடம் கடன் வாங்கும்போது வெற்றுப் புரோநோட்டு, வெற்றுக் காசோலை, வீட்டின் மேல் பவர், கிரய ஒப்பந்தம் ஆகியவற்றில் கையெழுத்துப் போடாதீர்கள். பல குடும்பங்கள் வீட்டை இழப்பது அந்த ஒரு கையெழுத்தில்தான். தனிநபர் ஒருவர் தானாக வந்து உங்கள் வீட்டைப் பூட்ட அதிகாரம் இல்லை, அவர் நீதிமன்றம் போக வேண்டும். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடைசெய்யும் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், 3 ஆண்டுவரை சிறையும் ரூ.30,000 வரை அபராதமும் விதிக்கிறது. துன்புறுத்தல் நடந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அவமானத்துக்குப் பயந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், அது ஷைத்தானின் ஊசலாட்டம். உடனே ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். கடன் தீரும். போன உயிர் திரும்பாது.

கடன் கொடுத்தவருக்கும் ஜமாஅத்துக்கும்

கஅப் இப்னு மாலிக் (ரலி) தனக்கு வரவேண்டிய கடனை மஸ்ஜிதுந் நபவியில் வைத்துக் கேட்டார். இருவரின் குரலும் உயர்ந்தது. வீட்டிலிருந்த நபியவர்கள் திரையை விலக்கி, பாதியைத் தள்ளுபடி செய்யும்படி கஅபுக்குச் சைகை காட்டினார்கள். அவர் உடனே சம்மதித்தார். அடுத்து கடன்பட்டவரிடம், எழுந்து மீதியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. இன்று வங்கிகள் சொல்லும் சமரசத் தீர்வு அன்று பள்ளிவாசலில் சில நிமிடங்களில் முடிந்தது. நம் ஜமாஅத் நிர்வாகிகளும் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசலாமே!

ஜகாத் பெறத் தகுதியானோரில் கடன்பட்டவர்களையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான் (9:60). ஆனால் நாம் என்ன சொல்கிறோம்? "அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது, பைக் இருக்கிறது, அவருக்கு எதற்கு ஜகாத்?" ஹனஃபி ஃபிக்ஹில் குடியிருக்கும் வீடு, பயன்படுத்தும் வாகனம், தொழில் கருவி ஆகியவை அடிப்படைத் தேவைகள். அவை நிஸாப் கணக்கில் சேராது. இவை போக, கடனைக் கழித்தால் நிஸாப் அளவு மிஞ்சாதவர் ஜகாத் வாங்கலாம். அவர் வீட்டை விற்றுத் தெருவுக்கு வந்த பிறகு கொடுப்பதைவிட, வீடு போகும் முன் இரண்டு மூன்று தவணைக்குக் கைகொடுப்பது மேல். ரமழானில் பலருக்கும் சில்லறையாகப் பிரித்துக் கொடுப்பதோடு, ஒவ்வொரு மஹல்லாவும் ஆண்டுக்கு ஓரிரு குடும்பங்களையாவது கடனிலிருந்து முழுமையாக மீட்கத் திட்டமிடுங்கள்.

இந்த வாரமே செய்யுங்கள்

1. எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, எதை அடமானம் வைத்து என்று குறியுங்கள். மனைவியிடம் மறைக்காதீர்கள்.

2. வீட்டுக் கடனையும், சோறு போடும் வண்டியின் கடனையும் முதல் வரிசையில் வையுங்கள். தேவைக்கு மீறியதை நீங்களே விற்றுக் கடனை அடையுங்கள்.

3. ஒரு கடனை அடைக்க இன்னொரு வட்டிக் கடன் வாங்காதீர்கள்.

4. கடன் கொடுத்த ஒவ்வொருவரையும் நேரில் பாருங்கள். முடிந்த தொகையை மட்டும் வாக்களியுங்கள். கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வான், வாக்களித்தால் மீறுவான் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்து, தொழுகையிலேயே கடனிலிருந்து பாதுகாப்புத் தேடினார்கள்.

5. கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும், குறைந்த வருமானமுள்ளோருக்கும் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. வங்கியோடு சமரசம் பேச மக்கள் நீதிமன்றம் இருக்கிறது, அதற்குக் கட்டணம் இல்லை. உதவி எண் 15100.

திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு மக்களின் பொருளை வாங்கியவருக்காக அல்லாஹ்வே அதை நிறைவேற்றித் தருகிறான் என்ற கருத்து புகாரியில் வருகிறது. உங்கள் நிய்யத் நேராக இருக்கட்டும். கதவைத் தட்டும் முன் நீங்கள் போய்க் கதவைத் தட்டுங்கள்.

யா அல்லாஹ்! எங்களில் கடனில் தவிப்போரின் சுமையை இறக்கி வைப்பாயாக! ஹலாலைக் கொண்டு ஹராமிலிருந்து எங்களைத் தேவையற்றவர்களாக ஆக்குவாயாக! கடன் கொடுத்தவர்களின் உள்ளங்களை இளகச் செய்வாயாக! எங்கள் பிள்ளைகளின் தலைக்கு மேல் உள்ள கூரையைக் காப்பாயாக! எவருடைய ஹக்கும் எங்கள் கழுத்தில் இல்லாத நிலையில் உன்னைச் சந்திக்கும் பாக்கியத்தைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.